தேயாத பிளேட்

புல் வெட்டும் மெஷினுக்கு மலிவாகச் சாமான் தேடுவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டோர்ஸ் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது இப்போதே வேண்டியிருக்கும். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருப்பவளிடம் ஒரு பட்டியலை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்திருப்பீர்கள். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. பட்டியல் ஒரு பந்தியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எழுதியிருப்பதையும் வாசித்துவிட்டுத்தான் நீங்கள் பசையைத் தொடவேண்டும்.

பட்டியல் இதுதான். தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் வாங்கும்போது கம்பனிப் பெட்டியின் அழகுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதன் விளிம்பில் ஒரு இலக்கம் பொறித்திருக்கும். அதே இலக்கம் தண்ணீர்ப் பம்ப் விற்கும் கடையிலும் இருக்கும். பெல்ட்டும் அப்படித்தான், நெல் குத்தும் மில்லுக்குச் சாமான் விற்பவரிடம் கிடைக்கும். உழவு இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் மெஷினுக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டுகளை லொறிக் கடைகளில் தேடுங்கள். எங்கே போனாலும் பழைய சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கியவள் இரண்டாம் முறை பஸ் ஏறவேண்டிவரும். தென்னந்தோட்டங்களில் கைவிட்டுக் கிடக்கும் மெஷின்களை விசாரித்து வையுங்கள். உங்களுக்குத் தேவையான மூடி ஒன்று அதில் துருப்பிடிக்காமல் இருக்கும்.

இவ்வளவும் செய்யலாம். ஆனால் எதையும் மலிவாக வாங்குமுன் ஒரு கேள்வி கேட்கவேண்டும். உடைந்தால் இது எங்கே போகும்? பெல்ட் அறுந்தால் கீழே விழும். பெயரிங் போனால் ஊர் கேட்கக் கத்தும். பிளேட் உடைந்தால் அது யாரிடமோ போகும். இந்தக் கேள்வி எனக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியவந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் யார்ட் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. மூன்று உழவு இயந்திரங்கள், அவற்றுக்குப் பின்னால் பூட்டும் மூன்று புல் வெட்டும் மெஷின்கள். தோட்டங்கள், பாடசாலை மைதானங்கள், வீதியோரங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வெட்டிக் கொடுப்போம். மெஷினின் இரும்பு மூடிக்குக் கீழே இரண்டு பிளேட்டுகள் சுழலும். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், விரல் தடிப்பு. ஓடும்போது அவற்றைக் கண்ணால் காண ஏலாது. காற்றின் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். சாமான் வாங்குவதும் கொடுப்பதும் என் வேலை. நான் கண்டிப்பானவள் என்பது ஊருக்கே தெரியும். என் கவுண்டருக்கு ட்ரைவர்மார் வைத்த பெயர் பொலிஸ் ஸ்டேசன். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்டபோது உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழசு தந்தால்தான் புதுசு, இதுதான் என் சட்டம். தேய்ந்ததோ உடைந்ததோ, பழைய சாமானைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, எப்படிப் போனது, எங்கே போனது என்று நின்றபடி சொல்லவேண்டும். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கவனக்குறைவு என்று பட்டால் மற்றவர்கள் முன்னால் கிழித்துவிடுவேன். களவு இல்லாத ஸ்டோர்ஸ் என்று முதலாளி என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தார்.

பிறகு டொலர் இல்லாத காலம் வந்தது. நீங்களும் அப்போது பெற்றோல் வரிசையில் நின்றிருப்பீர்கள். எங்களுக்கு டீசல் அனுமதியில் கொஞ்சம் கிடைத்தது, சாமான் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்த வியாபாரிகள் பிளேட் என்று கேட்டதும் சிரித்தார்கள். கப்பல் வராத நாட்டில் நான் கப்பலில் வரும் சாமானைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மெஷினைக் கழற்றி மற்ற இரண்டுக்கும் உயிர் கொடுத்தோம், அதன் ட்ரைவர் வேறு வேலை தேடிப் போனார். அந்த இரண்டின் பிளேட்டுகளும் தேய்ந்து தேய்ந்து மெலிந்து வந்தன. வெட்டாமல் புல்லைப் பிய்க்கத் தொடங்கின. மெஷின் நின்றால் இரண்டு ட்ரைவர்மாருக்கும் வேலை இல்லை. ராசன் இறக்கக்கண்டிக்காரர், நாற்பது வயது, கதை குறைவு. யோகன் அவரைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாது, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். அவர்களை வீட்டுக்கு அனுப்பும் கதை ஒன்று முதலாளியின் வாயில் வந்தபோது நான்தான், ‘ஒரு கிழமை பொறுங்கோ’ என்று சொன்னேன்.

கந்தளாயில் ஒரு கொல்லர் இருந்தார். லொறிகளின் கீழே அடுக்கியிருக்குமே ஸ்பிரிங் பட்டை, அதை வெட்டி எதையும் செய்வார். நான் ஒரு பழைய பிளேட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார், விரலால் சுண்டினார், பிறகு என்னைப் பார்த்தார்.

“செய்யலாம் பிள்ளை. உங்களுக்கு என்ன வேணும், தேயாமல் இருக்கவேணுமோ, உடையாமல் இருக்கவேணுமோ? ரெண்டும் ஒண்டாய் வராது.”

“தேயக்கூடாது ஐயா. இது தேஞ்சால் நான் இனி எங்கை போய்த் தேடுறது?”

“சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலை தோய்ச்சால் இரும்பு இறுகும். பிறகு ரெண்டாந்தரம் மெல்லமாய்ச் சூடு காட்டவேணும். அப்பதான் கொஞ்சம் இளகி, அடி தாங்கும். அதைச் செய்தால் உங்களுக்குத் தேயும்.”

“அப்ப அந்த ரெண்டாம் சூடு வேண்டாம்.”

“எனக்கெண்டால் மனமில்லை.”

“நீங்கள் செய்யுங்கோ ஐயா. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். பிழை கொல்லருடையது அல்ல என்பதற்காக இந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன்.

நான்கு பிளேட்டுகள் வந்தன. யார்டில் அன்று திருவிழா. எங்கள் மெக்கானிக் அரத்தை எடுத்து ஒரு பிளேட்டின் விளிம்பில் இழுத்தார். அரம் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. “அரமே பிடிக்குதில்லை, இது சாமான்!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல இரும்பா என்று பார்க்க எங்கள் யார்டில் இருந்த ஒரே சோதனை அதுதான். அரம் வழுக்கினால் நல்லது. யாரும் அதை ஒரு கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த சாமானை யார் அடித்துப் பார்ப்பார்கள்? ராசனுக்கு இரண்டு, யோகனுக்கு இரண்டு கொடுத்தேன். சட்டப்படி இருவரிடமும் பழையதை வாங்கிக்கொண்டேன்.

மூன்று கிழமை நன்றாகத்தான் ஓடியது. பிளேட் தீட்டவே தேவைப்படவில்லை. எப்படி என்று யோகனைக் கேட்பேன், “நல்லா, அந்த மாதிரி வெட்டுது அக்கா” என்பார். நான் முதலாளிக்குச் சொல்வேன். முதலாளி மற்ற யார்டுக்காரருக்குச் சொல்வார்.

மூன்றாம் கிழமை முடிவில் ராசன் கவுண்டருக்கு வந்தார். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். அதற்குள் விரல் நகமளவு ஒரு இரும்புச் சிம்பு. பிளேட்டின் முனையிலிருந்து தெறித்தது என்றார். அந்தச் சிம்பின் உட்புறம் சீனிக்கட்டியை உடைத்த இடம்போல மினுங்கியது. அதை நான் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில் எனக்குப் பயம் வந்தது. உங்களுக்கு அது வரும்போது தயவுசெய்து அதை மதியுங்கள். நான் மதிக்கவில்லை. அதை உடனே கோபமாக மாற்றிவிட்டேன், அது எனக்குக் கைவந்த கலை.

“கல்லிலை விட்டிருக்கிறீர்.”

“இல்லை அக்கா, கல்லிலை விடேல்லை.”

“கல்லிலை விடாமல் இந்த இரும்பு தெறிக்குமோ? அரமே பிடிக்காத இரும்பு! கண்ணை எங்கை வச்சுக்கொண்டு ஓட்டுறீர்? இது போனால் வேற இல்லை, தெரியும்தானே? வேலையும் இல்லை.”

பின்னால் யோகன் நின்றுகொண்டிருந்தார். ராசன் பொட்டலத்தைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவர் அந்த மெஷினை ஓட்டினார்.

அன்று காலை பத்து மணியிருக்கும். ராசன் வெட்டிக்கொண்டிருந்த இறக்கக்கண்டித் தோட்டத்தின் காவல்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

“அக்கா, மெஷின் வெடிச்சுப்போட்டுது. ராசன்ரை காலுக்குள்ளை இரும்பு ஏறிட்டுது.”

பிறகுதான் முழுவதும் தெரிந்தது. பிளேட் ஒன்று நடுவால் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு மூடியின் தகரத்தைக் கிழித்து முன்னால் பாய்ந்து ராசனின் கெண்டைக்காலுக்குள் இறங்கியிருந்தது. சத்தம் பெரிய சத்தம். அந்தத் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள், யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, உடம்பு தானாகப் படுத்தது. ராசன் கத்துவது அவர்களுக்குக் கேட்டது. ஆனாலும் எழும்பவில்லை, ஏனென்றால் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். இந்த ஊரில் ஒரு சத்தத்தோடு எதுவும் முடிந்ததில்லை. ராசன் தனியாக இருக்கையில் இருந்து கத்திய அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மெக்கானிக் யார்டில் இருந்த ஒரே வாகனத்தை எடுத்துக்கொண்டு ராசனிடம் ஓடினார். நான் கவுண்டரில் தனியாக நின்றேன். அப்போதுதான் மற்ற இரண்டு பிளேட்டுகளின் ஞாபகம் வந்தது. அவை யோகனின் மெஷினில் இருந்தன. யோகன் மூதூரில் ஒரு பாடசாலை மைதானத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. மைதானம் முழுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். யோகனுக்கு அல்ல, பாடசாலைக்கு அல்ல, முதலாளிக்கு. என் வேலை போகப்போகிறது என்ற பயம் பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. பத்து நிமிடம் கதைத்தோம்.

“யோகனை நிப்பாட்டச் சொல்லுங்கோ,” என்றார் முதலாளி. “ஆனால் பிளேட்டிலை பிழை எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லிப்போடாதேங்கோ. எஞ்சின் சூடாகுது எண்டு ஏதாவது சொல்லுங்கோ. விளங்குதோ?”

“ஓம்” என்றேன். அந்த ஓம் எனக்கு இன்னும் கசக்கிறது.

பிறகு யோகனுக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓடுகிற உழவு இயந்திரத்தில் இருப்பவனுக்குத் தொலைபேசி கேட்காது, அதுவும் எனக்குத் தெரியும். விளையாட்டு ஆசிரியரின் இலக்கம் வேலைக் கோப்பில் இருந்தது. அவருடைய தொலைபேசி அணைந்து கிடந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் பாதி ஊரின் தொலைபேசி அப்படித்தான். என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது, அதற்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. நான் வீதிக்கு இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றேன். மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறி ஒன்று உரசினாற்போல் வந்து நின்றது.

“மூதூருக்கோ தம்பி?”

“ஓம், கிண்ணியாவுல ஐஸ் இறக்கிட்டுப் போவன். என்ன அக்கா, ஆருக்கும் சுகமில்லையா?”

“ஒருத்தரை நிப்பாட்டவேணும். பள்ளிக்கூடத்துக்குள்ளை. பிள்ளையள் நிக்கினம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “அப்ப கிண்ணியா பிறகு பார்ப்பம். ஏறுங்க.”

அந்தப் பயணத்தில் நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். ‘அருள் நிறைந்த மரியே’ என்பதற்கு அப்பால் என் வாய் போகவில்லை. அந்த முதல் சொற்களையே பாலத்துக்குப் பாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீதியில் குழிந்திருந்த ஒவ்வொரு கிடங்கிலும் லொறி விழுந்து எழும்பியது. கீழே ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து வளைந்து எங்கள் பாரத்தையும் ஐஸின் பாரத்தையும் தாங்கின. ஒன்றும் உடையவில்லை. அதே இரும்பு. வளையத் தெரிந்த இரும்பை வளையாதே என்று சொல்லி நான் கெடுத்திருந்தேன். தொலைபேசியில் யோகனின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். மணி அடிக்க அடிக்க, அவர் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

பாடசாலை மதிலுக்கு வெளியே இறங்கும்போதே மெஷினின் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடினால் இன்னும் உடையவில்லை. இன்னும் உடையவில்லை என்றால் இந்த நிமிடம் உடையலாம். படலையால் உள்ளே போனேன். மைதானத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் நின்றார்கள். மெஷினுக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிளேட்டில் கல் படக்கூடாது என்று யாரோ நல்ல மனதோடு ஒழுங்கு செய்திருந்தார்கள்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. உழவு இயந்திரத்துக்கு நேரே போய் நின்றேன். யோகன் கண்டதும் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிளேட் சுழன்று ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் விளையாட்டு ஆசிரியர் என்னிடம் வந்துவிட்டார்.

“சேர், பிள்ளையளை வெளியிலை எடுங்கோ. பிளேட் உடையிற பிளேட். ஒருத்தருக்குக் காலிலை பட்டிட்டுது. நான் வாங்கின சாமான், என்ரை பிழை.”

எஞ்சின் சூடு என்ற கதை என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அவர் பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பார். உடையும் என்று சொன்னதால் விசிலை ஊதி அத்தனை பேரையும் கட்டடத்துக்குள் ஓட்டினார்.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். யோகன் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார். முகம் வெளிறியிருந்தது.

“ஆருக்கு அக்கா பட்டது? ராசன் அண்ணைக்கோ?”

“ஓம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம். நீர் அந்தப் பிளேட் ரெண்டையும் கழட்டும். இப்பவே கழட்டும்.”

யோகன் பிளேட்டைத் தொடவில்லை. எழும்பிப் போய் இருக்கைக்குக் கீழே ஸ்பனர்கள் வைத்திருந்த ஆயுதப் பெட்டியைத் திறந்து ஒரு சாக்குச் சுருளை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். அதற்குள் நான் கொடுத்த இரண்டு பிளேட்டுகளும் இருந்தன. மண் படாமல், புல்லின் கறை படாமல், தந்தபடியே இருந்தன.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “அப்ப மெஷினிலை ஓடுறது என்ன?”

“பழசு அக்கா.”

“பழசை எனக்குத் தந்தனீர்தானே?”

“அது தோட்டத்திலை கிடந்த பழைய மெஷினிலை கழட்டினது. என்ரையை அவசரத்துக்கு உதவுமெண்டு நான் வச்சிருந்தனான்.” குரல் இறங்கியது. “முதல் நாள் பூட்டேக்கை ஒண்டு கை தவறிச் சீமெந்துத் தரையிலை விழுந்தது அக்கா. மணி அடிச்ச மாதிரிக் கேட்டுது. பிளேட் விழுந்தால் அப்பிடிக் கேக்காது, தொம் எண்டுதான் கேக்கும். எனக்குப் பயமாப்போச்சு. பூட்டேல்லை.”

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐந்து கிழமை யோகனுக்கும், அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம், ஒருவன் என்னை ஏமாற்றியதுதான். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் என் கழுகுக் கண் அந்தத் தோட்டத்துப் பழசைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு என்று எண்ணியதும் திருப்திப்பட்டுவிட்டது. மூச்சு முழுவதும் வெளியே போகுமுன் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“ராசனுக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னனான் அக்கா. அந்தக் கிழமையே சொன்னனான். கழட்டுவம், பழசைப் போடுவம் எண்டு சொன்னனான். அவரிட்டைப் பழசு இல்லை. உங்களிட்டைக் குடுத்திட்டார்.”

“என்னட்டைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்தானே?”

“அண்டைக்குச் சிம்பைக் கொண்டுவந்தவர் அதுக்குத்தான். நீங்கள் ஏசினியள். பிறகு நான் இன்னொருக்காப் போய்க் கேளுங்கோ எண்டனான். அக்காட்டை ஆர் போறது எண்டு கேட்டார். இரும்பிலும் பாக்க அக்காவுக்குத்தான் அவர் பயந்தவர்.”

யோகன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த கதை, எனக்கு மட்டும் தெரியாது. என்னை ஏமாற்றியவன் முழுதாக என் முன்னால் குந்தியிருந்தான். என் சட்டத்துக்கு உண்மையாக நடந்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நாங்கள் ஒரு பிளேட்டைச் சாக்கால் சுற்றிக் கல்லில் வைத்தோம். யோகன் சுத்தியலால் ஒரு அடி அடித்தார், பெரிய அடியும் இல்லை. சாக்கை விரித்தபோது மூன்று துண்டு. உடைந்த முகம் சீனிக்கட்டியாய் மினுங்கியது. இந்தச் சோதனையைச் செய்ய ஒரு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்திரசிகிச்சை முடிந்து ராசனைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி நின்றார். மயக்கம் பாதி தெளிந்த கண்ணால் ராசன் என்னைக் கண்டார். கண்டதும் எழும்பப் பார்த்தார். படுக்கையில் கிடந்தவர் கவுண்டருக்கு முன்னால் நிற்பதுபோல நிமிரப் பார்த்தார்.

“நான் கல்லிலை விடேல்லை அக்கா,” என்றார். “சத்தியமாய் விடேல்லை.”

அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் ராசனின் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியும் ராசன், நீர் விடேல்லை. கொல்லர் வேண்டாமெண்டு சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. பிழை முழுக்க என்னிலை,” என்றேன். ராசன் அதைக் கேட்டாரோ தெரியாது, கண்ணை மூடிவிட்டார். மனைவிக்குக் கேட்டது. ஒரு கதிரையை இழுத்து எனக்குப் போட்டார், நான் அதில் இருக்கவில்லை. இருக்கத் தகுதி இருப்பதாகப் படவில்லை.

முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தேன். அவர் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை, வேலையால் நிறுத்தவும் இல்லை. ராசனின் சம்பளத்தை நிறுத்தக்கூடாது என்று நான் கேட்டதற்கு மறு பேச்சுப் பேசவில்லை. பழசு தந்தால்தான் புதுசு என்ற சட்டத்தை நானே எடுத்தேன். புதுசு ஒரு கிழமை ஓடிய பிறகு பழசு வந்தால் போதும். எந்தச் சாமானையும் கொடுக்குமுன் அதோடு ஓடப்போகிறவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: “இதோடை ஓட உமக்குப் பயமாய் இருக்கோ?”

மாதக்கணக்காக எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “இல்லை அக்கா.” யோகனும் சொன்னார், சிரித்துக்கொண்டு. நான் ஒருவரையும் நம்பவில்லை. கேள்வியை மாற்றியதால் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஆள் மாறிவிடுவாளா என்ன? அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காத்திருந்தேன். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து ராசன் வேலைக்கு வந்தார். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். அப்போது கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. கம்பனிப் பெட்டியிலிருந்து ஒரு சோடிப் பிளேட் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். மற்ற ட்ரைவர்மாரும் மெக்கானிக்கும் தேத்தண்ணீரோடு நின்றார்கள். ராசன் ஒரு பிளேட்டை எடுத்து, கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப வைத்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

“ஓம் அக்கா,” என்றார். “பயமாய்த்தான் இருக்கு.”

மெக்கானிக் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவுண்டரில் வைத்தார்.

“இது நல்ல சாமான் ராசன். விழுத்திப் பாத்தனான், அடிச்சும் பாத்தனான்.”

“தெரியும். பிளேட்டிலை பிழையில்லை அக்கா. எனக்குத்தான் பயம்.”

அன்று அவர் வெட்டவேண்டியிருந்தது நிலாவெளிப் பக்கம் ஒரு தோட்டம். கூலியாட்கள் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். நான் பிளேட் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடி அலுமாரியில் ஏற்றினேன். தோட்டக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு மெஷின் வராது என்றேன். ஏன், எஞ்சினில் பிழையா என்று கேட்டார்.

எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை, ட்ரைவருக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன்.